சிற்றாற்றில் கழுவிய கார்

1. ஆறாவது விதி

கம்பெனியின் வாரண்டி கையேட்டில், எக்ஸாஸ்ட் பகுதியின் ஆறாவது விதி இப்படிச் சொல்கிறது: "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாக எச்சரிக்கைக் குறியீடு ('கோடு') பதிவானால், கன்வெர்ட்டரைக் குறை சொல்லுமுன் எக்ஸாஸ்ட் கசிவு, மிஸ்ஃபயர், எரிபொருள் கலவை, பின் ஆக்சிஜன் சென்சார், சாப்ட்வேர் பதிப்பு ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்திட வேண்டும்."

இந்த விதியைப் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குப் பல முறை பாடம் நடத்தியிருக்கிறேன். வரிசை மாற்றிச் சொன்னவர்களை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்திருக்கிறேன். தென்காசியில் அந்தச் சர்வீஸ் சென்டர் திறந்த நாளிலிருந்து வாரண்டி பொறுப்பு என்னிடம்தான். கஸ்டமர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் என் பெயரே 'வாரண்டி அண்ணாச்சி' என்று ஆகிவிட்டது.

சென்ற ஆண்டு ஜூலையில், ஓய்வுபெற இரண்டரை மாதம் இருந்தபோது, இந்த ஐந்தில் ஒன்றைக்கூடச் சோதிக்காமல் ஒரு கன்வெர்ட்டருக்கு மரணச் சான்றிதழ் எழுதினேன்.

2. ஒரே ஒரு வாக்கியம்

வண்டி சாகுல் பாயுடையது. சவுதியில் ஒரு வீட்டில் பதினோரு வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கொண்டுவந்த சேமிப்பில் மஞ்சள் போர்டு போட்ட ஒரு பெட்ரோல் கார் வாங்கினார். தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வளைகுடா போகிறவர்களை ஏற்றிப் போவதும், வருகிறவர்களை அழைத்து வருவதும் தொழில். கார் வாங்கி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. வாரண்டி அடுத்த ஜனவரி பதினான்கு வரை.

டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது என்று வந்தார். ஸ்கேனரை மாட்டினால் கோடு பி-0420. கன்வெர்ட்டர் திறன் குறைவு. மெக்கானிக்குகள் இதை 'நானூத்தி இருபது' என்பார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ற குணம் அதற்கு உண்டு என்பதை அப்போது நான் மறந்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காக: கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயின் வழியில் இருக்கும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே தேன்கூடு போலத் துளைகள் உள்ள பீங்கான் கட்டி. நச்சுப் புகை அதன் வழியே போகும்போது நச்சு குறையும். பெட்டிக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன் சென்சாரின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின் சென்சார் அசையாமல் இருக்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போல ஆட ஆரம்பித்தால், பீங்கான் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து விளக்கைப் போடும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பின் சென்சார் ஏன் ஆடுகிறது என்று அது விசாரிப்பதில்லை. விசாரிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அன்று திங்கட்கிழமை. குற்றாலத்தில் சீசன் உச்சம். மலை இறங்கி வந்த வெளியூர் வண்டிகள் பிரேக் சூடு, கிளட்ச் வாடை, ஏசியில் தண்ணீர் என்று வரிசையாக நின்றன. மேனேஜர் கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், வயது முப்பத்திரண்டு. மாலை ஐந்துக்குள் கிளெய்ம் அனைத்தும் சிஸ்டத்தில் ஏறியிருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பக்தி உண்டு. சாகுல் பாயின் ஜாப் கார்டில் ரிசப்ஷன் பெண் ஒரு வரி எழுதியிருந்தாள்: "கஸ்டமர் வண்டியை ஆற்றில் இறக்கிக் கழுவுவாராம்."

இது எங்கள் பக்கத்து டிரைவர்களின் பழக்கம். மலைப்பாதையில் ஓடி வந்த சூட்டோடு, சிற்றாற்றில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து முன் சக்கரம் முங்கும்வரை வண்டியை இறக்கி, வாளியும் துணியுமாகக் கழுவுவார்கள். பழுக்கக் காய்ந்த பீங்கான் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். கையேட்டிலும் அது உண்டு. கம்பெனி அதை வாரண்டியில் ஏற்காது.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த திருப்தியை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. குற்றவாளி தானே வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டான். இனி விசாரணை எதற்கு? கிளெய்ம் படிவத்தில் எழுதினேன்: "சூடான நிலையில் நீரில் இறக்கியதால் கன்வெர்ட்டர் பழுது. வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு." ஐந்து சோதனைக் கட்டங்களிலும் 'சரி' என்று டிக் போட்டேன்.

கம்பெனியின் பதில் ஒன்றரை மணி நேரத்தில் வந்தது. கிளெய்ம் நிராகரிப்பு. கூடவே, 'தவறான பயன்பாடு' என்று பதிவாகிவிட்டதால் அந்த வண்டியின் மொத்த வாரண்டியும் நிறுத்தம். இல்லை என்று சொல்வதற்கு மட்டும் அவர்கள் ஒருநாளும் தாமதித்ததில்லை.

3. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும்

செவ்வாய்க்கிழமை காலை சாகுல் பாய் வந்தார். சத்தம் போடவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நிராகரிப்புத் தாளை இரண்டு தடவை படித்தார்.

"அண்ணாச்சி, தவறான பயன்பாடுன்னா என்ன அர்த்தம்? நான் என்ன குடிச்சிட்டா ஓட்டுதேன்?"

"ஆத்துல இறக்குவேன்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா, இறக்குவேன். எல்லாவனும் இறக்குதான். ஒங்க வாட்டர் வாஷுக்கு மூணு மணி நேரம் காத்துக் கெடக்கணும். ஆறு என்ன டோக்கனா கேக்குது?"

பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நாற்காலி சரியாக இல்லாதது போல இருந்தது. புதுக் கன்வெர்ட்டர் வாங்கும் நிலையில் அவர் இல்லை. விளக்கு எரிகிற வண்டியில் ஏற ஏர்போர்ட் பயணிகள் யோசிக்கிறார்கள். மலையில் நின்றுவிட்டால் விமானம் போய்விடும். சவுதியில் பழைய முதலாளி அவரை மறுபடி கூப்பிடுகிறார். பாஸ்போர்ட் கடையநல்லூரில் ஏஜெண்ட் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள் சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சரி என்றால் வண்டியை விற்றுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

"எம் மவ பொறந்தப்போ நான் அங்கன. நடந்தப்போ அங்கன. பள்ளிக்கூடத்துல சேத்தப்போவும் அங்கன. இப்பத்தான் என்னைய வாப்பான்னு பக்கத்துல வந்து கூப்பிடுதா. அதுக்கு முந்தி போன்லதான் வாப்பா."

நான் கையேட்டுக் குரலில் சொன்னேன்: "பாய், விதின்னு ஒண்ணு இருக்குல்லா."

அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. இந்த லைட்டு மொதல்ல எரிஞ்சது மே மாசம். நாந்தான் ப்ளூடூத் கருவிய மாட்டிப் போன் வழியா அழிச்சு அழிச்சு ஓட்டுனேன். அது எந் தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா மே மாசம் சித்தாத்துல எங்க தண்ணி கெடந்துச்சு? ஆடு மேஞ்சிச்சு. ஆத்துல இறக்கித்தான் கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கியளே, நீங்க இந்த ஊர்க்காரர்தானா?"

நான் இந்த ஊர்க்காரன்தான். சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வருகிறேன். சித்திரையிலும் வைகாசியிலும் அது மணலும் கருவேலமுமாகக் கிடப்பதை அறுபது வருடமாகப் பார்க்கிறேன். ஜூனில் சாரல் விழுந்த பிறகுதான் அதில் வண்டி கழுவத் தண்ணீர் வரும்.

"பாய், வண்டிய விட்டுட்டுப் போங்க," என்றேன்.

4. சோப்புத் தண்ணீர்

புதன்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருந்தபோதே வண்டியை லிப்டில் ஏற்றச் சொன்னேன். மெக்கானிக் இசக்கிமுத்து, பதினைந்து வருட அனுபவம் உள்ளவன். அவனிடம் கையேட்டின் ஆறாவது விதியைத் திறந்து வைத்தேன்.

"நானூத்தி இருபதுக்கு எதுக்கு அண்ணாச்சி புஸ்தகம்? கன்வெர்ட்டர் போச்சுன்னு நீங்கதான எழுதுனிய?"

"நான் எழுதினத நானே நம்பலலே. மொதல் வரி என்ன போட்டிருக்கு? வாசி."

"எக்ஸாஸ்ட் கசிவு."

எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயைக் கனமான துணியால் அரைகுறையாக அடைத்தோம். உள்ளே அழுத்தம் ஏறியது. இசக்கிமுத்து சோப்புத் தண்ணீரைக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக்கொண்டே வந்தான். எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டில் ஒன்றும் இல்லை. கன்வெர்ட்டரின் முன் வாயில் ஒன்றும் இல்லை. கன்வெர்ட்டருக்கும் பின் சென்சாருக்கும் நடுவே, இரண்டு போல்ட்டால் இறுக்கிய இணைப்பில் தெளித்ததும் நுரை பொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பில் விரல் நீளத்துக்குக் கரி.

அந்த இடத்தில் கசிவு இருந்தால், புகை வெளியே போவது மட்டுமல்ல. புகை விட்டுவிட்டு வரும்போது வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். அந்தக் காற்று பின் சென்சாரில் படும். அது ஆடும். கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படும். பக்கத்து வீட்டில் கருகிய குழம்புக்கு நம் வீட்டு அடுப்பை அணைத்த கதை.

இசக்கிமுத்து போல்ட்டைக் கழற்றாமல் நின்றான்.

"என்னலே?"

"இது நாம தொட்ட எடம் அண்ணாச்சி."

ஏப்ரலில் அந்த வண்டிக்கு கிளட்ச் ரிலீஸ் பேரிங் வாரண்டியில் மாற்றியிருந்தோம். அதற்கு இந்தக் குழாயைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது கசியாமல் இருக்க நடுவில் புது கேஸ்கட் வைக்க வேண்டும்; ஒரு முறை நசுங்கிய கேஸ்கட்டை மறுபடி வைக்கக் கூடாது.

"ஸ்டாக்ல கேஸ்கட் இல்ல. பாய்க்கு அன்னைக்கு ராத்திரி ஏர்போர்ட் ட்ரிப்பு. இங்கனயே நின்னுக்கிட்டு, 'ஏ இசக்கி, சீக்கிரம்ப்பா, சீக்கிரம்ப்பா'ன்னு உயிர எடுத்துட்டாரு. பழச வச்சே பேஸ்ட் பூசி இறுக்கிட்டேன். புதுசு வந்ததும் மாத்திருவோம்னு நெனச்சேன். அப்புறம் மறந்துட்டு."

பேஸ்ட் மலைச்சூட்டில் காய்ந்து உதிர ஒரு மாதம் ஆகியிருக்கும். ஏப்ரல் போய் மே. விளக்கு எரிந்த மாதம்.

அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மேசைக்குப் போய் ஏப்ரல் மாதத்துக் கிளெய்மை எடுத்துப் பார்த்தேன். போட்ட பொருட்களின் பட்டியலில் பேரிங் இருந்தது, கிரீஸ் இருந்தது. கேஸ்கட் இல்லை. குழாயைக் கழற்றாமல் அந்தப் பேரிங்கைத் தொட முடியாது என்பது எனக்குத் தெரியும். பட்டியலைப் பார்த்த உடனே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அடியில் பாஸ் செய்த கையெழுத்து என்னுடையது. அழகான கையெழுத்து.

புது கேஸ்கட் மதியம் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தது. உள்ளங்கை அளவு வளையம்.

5. எழுபதில் ஓட ஒரு சாலை

கேஸ்கட் போட்டு, பி-0420-ஐ அழித்தாயிற்று. ஆனால் அழித்தால் விளக்கு அணைவது யாருக்கும் பெரிய விஷயமில்லை. சாகுல் பாயே இரண்டு மாதம் அதைத்தான் செய்தார். கம்ப்யூட்டர் தானாகக் கன்வெர்ட்டரைச் சோதித்து 'கம்ப்ளீட்' என்று காட்ட வேண்டும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, வண்டி சில நிமிடங்கள் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஆக்சிலேட்டரை விடக் கூடாது, பிரேக்கைத் தொடக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு மறுபடி ஒரு தடவை. இரண்டு ஓட்டமும் சுத்தமாக இருந்தால்தான் நம்பலாம்.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். சாகுல் பாய் ஓட்டினார். பக்கத்தில் நான். பின் சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு இசக்கிமுத்து. பழக்க தோஷத்தில் பாய் குற்றாலம் ரோட்டில் திருப்பிவிட்டார். தலையில் துண்டு கட்டி எண்ணெய் வழிய ரோட்டைக் கடக்கும் கூட்டம், பழக்கடை, குரங்கு, ரிவர்ஸ் எடுக்கும் டூரிஸ்ட் பஸ். வேகம் பதினைந்தைத் தாண்டவில்லை.

"இங்கன சீரா போகணும்னா நடந்துதான் போகணும்," என்றான் இசக்கிமுத்து.

வண்டியைத் திருப்பி, கிழக்கே திருநெல்வேலி நான்கு வழிச்சாலையைப் பிடித்தோம். பாவூர்சத்திரத்தில் மார்க்கெட் நேரம். தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போக்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. அதைத் தாண்டியதும் சாலை விரிந்தது.

"எழுபதுல நிறுத்துங்க பாய். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

"அண்ணாச்சி, மலைல ஏரோப்ளேனத் தொரத்துனவன்ட்ட இப்படி ஊரச் சொல்லுதிய."

நான் திரும்பி ஸ்கேனரைப் பார்த்தேன். முன் சென்சார் துள்ளிக்கொண்டிருந்தது. பின் சென்சார் புள்ளி ஆறு எட்டில் நின்றது. அசையவில்லை. கன்வெர்ட்டர் மானிட்டர்: இன்கம்ப்ளீட்.

ஒரு நிமிடம். இரண்டு. முன்னால் வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று வலது பக்கம் ஒதுங்கியது. பாயின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பப் பார்த்தது.

"விடாதிய!" என்று இசக்கிமுத்து கத்தினான்.

அவர் விடவில்லை. இடது பக்கமாக ஒரு முழம் இடைவெளியில் லாரியைத் தாண்டினோம். லாரிக்காரர் எங்கள் மூன்று பேருடைய தாயாரையும் விசாரித்தார். கையேட்டில் இதற்கும் ஒரு விதி உண்டு: சோதனை ஓட்டத்தில் சாலை விதிகளை மீறக் கூடாது.

"கம்ப்ளீட்," என்றான் இசக்கிமுத்து. "கோடு இல்ல."

ஆலங்குளம் தாண்டி ஒரு டீக்கடையில் எஞ்சின் ஆறுவதற்கு நிறுத்தினோம். சாகுல் பாயின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி அடித்தது. ஏஜெண்ட்.

"எடுத்துப் பேசுங்களேன்," என்றேன்.

"என்னத்தப் பேச? இன்னொரு ஓட்டம் இருக்குன்னு சொன்னியல்லா."

டீயை அவர் குடிக்கவில்லை. எழுந்து போய் வண்டியின் பானட்டில் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். பாவூர்சத்திரம் நெருங்கும்போது இசக்கிமுத்து ஸ்கேனரை என் தோளுக்கு மேல் நீட்டிக் காட்டினான். கம்ப்ளீட். பதிவான கோடு எதுவும் இல்லை. பீங்கான் கட்டிக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது.

பாய் வண்டியை ஓரம் கட்டினார். போனை எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். பாஸ்போர்ட்ட எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்... இல்ல, போகல... ஆமா, யோசிச்சிட்டேன்."

6. என் கையெழுத்து

விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் சிஸ்டத்தில் என் வாக்கியம் அப்படியே இருந்தது. 'தவறான பயன்பாடு'. அது இருக்கும்வரை அந்த வண்டிக்கு வாரண்டி இல்லை. மலைப்பாதையில் தினமும் ஓடும் டாக்சிக்கு நாளை கியர்பாக்ஸ் போனாலும் பாய் தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடந்ததை எல்லாம் எழுதி, கம்பெனிக்கு அனுப்பக் கார்த்திக்கிடம் கொடுத்தேன். சோதனை செய்யாமல் டிக் போட்டது, ஏப்ரலில் கேஸ்கட் இல்லாத பட்டியலைப் பாஸ் செய்தது, இரண்டும் அதில் இருந்தன. அவர் கதவைச் சாத்தினார்.

"சார், வண்டி சரியாயிருச்சுங்க. கஸ்டமர் சந்தோசமாப் போயிட்டாருங்க. இதை எதுக்குங்க கிளறிக்கிட்டு?"

"வாரண்டி நிக்குதே."

"உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம்தானுங்க இருக்கு. இது போச்சுன்னா ஆடிட் வரும். உங்க பழைய கிளெய்ம் எல்லாத்தையும் தோண்டுவாங்க. பிரிவு உபசாரத்துக்கு மண்டபம்கூடப் பேசியாச்சு."

"மண்டபத்துல என்னைய என்னன்னு புகழுவிய? விதி தவறாதவர்னுதான?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, 'மேனேஜர் வழியாக' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவரைப் பற்றி நான் குறைவாக நினைத்திருந்தேன்.

ஆடிட் வந்தது. மூன்று நாள் தோண்டினார்கள். பட்டியல் சரியில்லாத கிளெய்ம் இன்னும் இரண்டு கிடைத்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். என் வேலைக்காலத்தில் முதலும் கடைசியும். இசக்கிமுத்துவையும் அதில் சேர்க்கப் பார்த்தார்கள். ஸ்டாக் இல்லாததைக் கவனித்திருக்க வேண்டியவன் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். மண்டபத்தில் பிரிவு உபசாரம் நடந்தது. விதி தவறாதவர் என்று யாரும் பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இளைய மெக்கானிக்குகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கோடு ஒரு புகார்; தீர்ப்பு அல்ல. கஸ்டமர் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறார் என்றால், வண்டியின் பழுதுக்கு அந்தத் தவறுதான் காரணம் என்று ஆகிவிடாது. எளிதாக ஒரு காரணம் கையில் கிடைக்கும் நாளில்தான் முதல் வரியிலிருந்து சோதிக்க வேண்டும். அதிலும் கடைசியாக அந்த இடத்தைத் தொட்டவர் நீங்களாக இருந்தால், கண்டிப்பாக.

வாரண்டியைத் திரும்பக் கேட்ட என் கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. ஓய்வுபெற்ற பிறகு வீட்டு முகவரியிலிருந்து மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு முறைகூட அவர்கள் சொல்லவில்லை. பொய் சொல்லாததற்காக அவர்களை மதிக்கிறேன். சாகுல் பாய் ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும் வழியில் மாதம் ஒரு தடவையாவது என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து, "பதில் வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போவார். இல்லை என்று தலையை ஆட்டுவேன். வண்டியை இப்போதும் ஆற்றில்தான் கழுவுகிறார். ஒரு மணி நேரம் ஆறவிட்டு இறக்குகிறாராம்.

கடைசியில் பதில் கூரியரில் வந்தது. இரண்டு வரி. என் விளக்கம் ஏற்கப்பட்டது; 'தவறான பயன்பாடு' என்ற பதிவு நீக்கப்பட்டது; மேற்படி வண்டியின் வாரண்டி, அதன் அசல் முடிவுத் தேதியான ஜனவரி பதினான்கு வரை முழுமையாக மீட்டளிக்கப்படுகிறது.

அன்று மாலை சாகுல் பாயை நிறுத்திக் காட்டினேன். ஸ்டீயரிங் மேல் வைத்து இரண்டு தடவை படித்தார், முன்பு அந்த நிராகரிப்பைப் படித்தது போலவே. பின் சீட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்த மகளிடம், "வாப்பா மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்கட்டீ," என்றார். பிறகு தாளில் இருந்த முடிவுத் தேதியை மறுபடி பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்குத் தேதி என்ன?"

ஜனவரி இருபத்தொன்று.